மாக்ஸ் கானெரைப் பற்றி எழுதப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மாக்ஸ் கானெரின் வாழ்க்கைக் குறிப்பை எழுத உட்கார்ந்திருக்கிறாய். பதிப்பாளர், வரலாற்றாசிரியர், அரசியல்வாதி என்று மூன்று தலைப்பு போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஆண்டுகளை அடுக்கிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதே. மூன்று பொறுப்பிலும் அவர் மனத்தில் ஓடியது ஒரே கணக்கு: ஸ்பெயினின் கத்தலோனியா வட்டாரத்துக் கத்தலான் மொழியில் அச்சாகும் எழுத்து எந்த வழியாக, யார் கைக்குப் போய்ச் சேரும்? அதைப் பிடித்துக்கொள். ஆண்டுகள் தாமாகவே அதனதன் இடத்தில் வந்து உட்காரும்.

பிறந்தது 1936 டிசம்பர் 3, ஜெர்மனியின் பாட் கோடஸ்பெர்க் ஊரில். வாழ்நாள் வேலையும் 2013 அக்டோபரில் மரணமும் பார்சலோனாவில். இதற்கு இரண்டு வரி போதும். அதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்துப் பள்ளிக்கூடம். அங்கே கத்தலான் கற்பிக்கப்படவில்லை. வீட்டில் நாளெல்லாம் கத்தலான் பேசியவர்களுக்கு அதில் எழுதவும் தடையில்லாமல் வாசிக்கவும் பழக்கமில்லை. பேசத் தெரிந்தும் படித்துப் பழகாத மக்களிடம் புத்தகம் விற்க வேண்டியிருந்தது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லாவிட்டால் மற்றது எதுவும் வாசகருக்கு விளங்காது.

ரமோன் பஸ்தார்தெஸுடன் சேர்ந்து கானெர் தொடங்கிய பதிப்பகம் எதிசியொன்ஸ் 62. முதல் புத்தகம் வெளிவந்த ஆண்டுதான் பெயரில் இருக்கும் 62. அந்தப் புத்தகம் ஜுவான் ஃபுஸ்டரின் ‘நாங்கள், வலென்சியர்கள்’. பார்சலோனாப் பதிப்பகம் தன் முதல் நூலுக்கு ஏன் வலென்சியாவின் சுவேக்கா ஊர்க்காரரைத் தேடிப் போனது என்று நின்று யோசி. வலென்சியா, பலேரிக் தீவுகள், பிரான்ஸுக்குள் இருக்கும் பெர்ப்பின்யா வட்டாரம் எல்லாம் ஒரே மொழி பேசும் ஒரே பரப்பு என்பது கானெரின் உறுதியான நம்பிக்கை. சின்ன மொழியின் பதிப்பாளருக்கு அது கொள்கை மட்டுமல்ல, பிழைப்பும்கூட. வாசகர் பரப்பைப் பார்சலோனாவோடு நிறுத்தினால் முதல் அச்சே தேங்கிவிடும்.

1963இல் தொடங்கிய ‘லா குவா தெ பாய்யா’ வரிசையை விட்டுவிடாதே. மஞ்சள் அட்டைத் துப்பறியும் நாவல்கள். பொறுப்பாசிரியர் மனுவேல் தெ பெத்ரோலு. கனமான கட்டுரை நூலோடு மல்லுக்கட்டுகிறவர், கொலையாளி யாரென்று அறியும் ஆவலில் 200 பக்கத்தைத் தாண்டிவிடுவார். படிக்கும் பழக்கம் அப்படித்தான் கண்ணுக்குள் இறங்கும். என்னைக் கேட்டால், அந்தப் பதிப்பகம் செய்த மிகப் புத்திசாலித்தனமான வேலை இது.

தணிக்கையைப் பற்றி எழுதும்போது 1966ஐக் கோடாக வைத்துக்கொள். அதற்கு முன் கையெழுத்துப்படியையோ மெய்ப்பையோ அதிகாரியிடம் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகே அச்சுக்குப் போக முடியும். 1966 அச்சுச் சட்டம் முன்தணிக்கையை ‘விருப்பத்துக்கு உட்பட்டது’ என்று மாற்றியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அச்சடித்துக் கட்டிய பிறகும் புத்தகத்தைப் பறிமுதல் செய்யலாம். முன்பு மறுத்தால் போவது உழைப்பு மட்டும். இப்போது காகிதக் கூலி, அச்சுக் கூலி, கட்டுமானக் கூலி அத்தனையும் பதிப்பாளர் தலையில் விழும். கானெர் அந்தச் சட்டம்வரை தாக்குப்பிடிக்கவில்லை. 1964இலேயே அரசு அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. பதிப்பகத்தின் இலக்கியப் பொறுப்பு ஜுசெப் மரியா கஸ்தெயெட்டிடம் போனது.

அடுத்தது, அதே பதிப்பகத்தில் கானெர் தொடங்கிய பெரிய கத்தலான் கலைக்களஞ்சியம். இங்கே அவசரப்படாதே. 1965இல் வேலை தொடங்கியது, முதல் தொகுதி 1969இல், பதினைந்தாவது 1980இல். கலைக்களஞ்சியத்தின் பணக்கணக்கு மற்ற நூல்களைப் போன்றதல்ல. முதல் எழுத்தில் உள்ள ஒரு பதிவு கடைசி எழுத்தில் உள்ள பதிவைச் சுட்டும். அதனால் முதல் பக்கம் அச்சேறுவதற்கு முன்பே பதிவுப் பட்டியல் முழுவதும் தயாராக இருக்க வேண்டும். அதுவரை ஆசிரியர் குழுவுக்குச் சம்பளம் உண்டு, வரவு இல்லை. பிறகு சிறு பகுதிகளாகச் சந்தாதாரருக்கு அனுப்பி, இந்தப் பகுதியின் பணத்தில் அடுத்ததை ஓட்ட வேண்டும். ஒரு பதிவு தாமதமானால் அந்தப் பகுதியே நிற்கும். பகுதி நின்றால் சந்தா நிற்கும். சிறு பதிப்பகத்துக்கு இது அகலக்கால்தான். நெருக்கடி வந்தது, ஜுர்தி புஜோலின் பாங்கா கத்தலானா என்ற வங்கி பணத்தோடு உள்ளே வந்தது, கானெர் வெளியேறினார். தொடங்கியவர் ஒருவர், முடித்தவர்கள் வேறு. இதைத் தோல்வி என்று எழுதிவிடாதே. தொகுதிகள் நூலகங்களில் நிற்கின்றன.

1972இல் குரியால் பதிப்பகத்தைத் தொடங்கினார். ஆய்விதழ்களும் ஆய்வு நூல்களும் அதன் வேலை. ஜுவான் கொரொமினஸின் கத்தலான் சொற்பிறப்பகராதி அங்கிருந்துதான் வந்தது: 1980 முதல் 1991 வரை ஒன்பது தொகுதிகள், பிறகு ஒரு துணைத்தொகுதி.

1980இல் கத்தலோனிய அரசின் தலைவரான அதே புஜோல், கானெரைப் பண்பாட்டு அமைச்சராக்கினார். 1984 வரை நான்கே ஆண்டுகள். பதிப்பாளராகத் தட்டிய கதவுகளை இப்போது உள்ளிருந்து திறந்தார். 1981இல் நூலகச் சட்டம். ‘நூலக ஆணை’ என்று நம் பதிப்பாளர்கள் சொல்வார்களே, அதைப் போல் கத்தலான் நூல்களில் தலைப்புக்கு 300 பிரதி வரை அரசே வாங்கும் திட்டமும் அந்தக் காலத்தில் வேர்விட்டதுதான். குறைந்த பிரதி அச்சிடும் பதிப்பாளருக்கு அது உயிர்மூச்சு. அதன் ஆபத்தையும் சேர்த்து எழுது: அந்த 300ஐ மட்டும் நம்பி அச்சிடுகிறவர் வாசகரைத் தேடுவதை நிறுத்திவிடுவார்.

1983 ஏப்ரலில் மொழிச் சட்டம் எதிர்வாக்கு இல்லாமல் நிறைவேறியது. பிள்ளைகளை வீட்டு மொழியை வைத்துத் தனித்தனிப் பள்ளிகளில் பிரிக்கக் கூடாது, அடிப்படைக் கல்வி முடியும்போது கத்தலான், ஸ்பானியம் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பவை அதன் முக்கியக் கூறுகள். மொழிக் கொள்கைப் பொறுப்பில் இருந்த ஐனா மொல்லின் பெயரை இங்கே விடாமல் குறிப்பிடு. அதே ஆண்டு செப்டம்பர் 10, கத்தலோனியாவின் தேசிய நாளுக்கு முந்தைய நாள், கத்தலான் தொலைக்காட்சியான டிவி3 முதன்முதலாக ஒளிபரப்பானது. மாட்ரிட்டில் இருக்கும் ஸ்பெயின் அரசு, வட்டாரங்களுக்கான மூன்றாவது அலைவரிசைக்குச் சட்டம் போட்டது டிசம்பரில்தான். டல்லாஸ் தொடரின் எண்ணெய் முதலாளிகள் கத்தலானில் சண்டை போட்டதைப் பார்க்க வீடுகள் உட்கார்ந்தன. மஞ்சள் அட்டை நாவல் செய்த அதே வேலை, இம்முறை திரையில்.

பதவிக்குப் பின் பார்சலோனாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்ததையும், 1986இல் ‘ரெவிஸ்தா தெ கத்தலூன்யா’ இதழ் மீண்டும் வந்ததில் அவருக்கிருந்த பங்கையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இடத்தை அவருடைய ஆய்வுக்கு வைத்துக்கொள். எடுத்துக்கொண்ட காலம் 1789 முதல் 1849 வரை. கவிஞர் அரிபாவுவின் 1833 கவிதையோடுதான் கத்தலான் இலக்கியம் மறுபடி கண் விழித்தது என்பது பாடப்புத்தக வழக்கு. கானெரோ புரட்சியும் போரும் கிளப்பிய எழுத்துகளில் கத்தலானைத் தேடினார். அவர் தேடியவை யார் கையையாவது எட்டுவதற்காக அச்சான தாள்கள்.

அன்புடன்,
அண்ணன்