ஃபிளாரன்ஸிலிருந்து ஒரு திராட்சைக்காரனுக்கு

அன்புள்ள முருகேசா,

நலம்தானே? மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. குளிர்தான் தாங்கவில்லை. கம்பத்தில் கவாத்து முடிந்ததா?

இங்கே உன்னை நினைக்காத நாளில்லை. காரணம், அந்தினோரி என்றொரு ஒயின் குடும்பம். 1385-ல் அந்த வீட்டு ஆள் ஒருவர் இவ்வூர் ஒயின் வணிகர் சங்கத்தில் சேர்ந்தார். இப்போது ஒயின் தொழிலை நடத்துவது 26-வது தலைமுறை! 1506-ல் வாங்கிய மாளிகை இன்றும் ஊர் நடுவில் நிற்கிறது. அதன் சுவரில் குப்பி நுழையும் அளவுக்கு ஒரு சின்னப் பொந்து. சொந்தத் தோட்டத்து ஒயினை அது வழியாகத் தெருவில் போகிறவர்களுக்கு நேரே விற்றார்களாம். இப்படி நூற்றைம்பதுக்கும் மேல் பொந்துகள் இந்த ஊரில் உண்டு. 1630-களில் பிளேக் வந்தபோது, விற்றவர்கள் காசைக் கையால் தொடாமல் உலோகத் தட்டில் வாங்கி வினிகரில் போட்டிருக்கிறார்கள். நீ மண்டியில் கமிஷனுக்குப் படும் பாடு ஞாபகம் வந்தது. உனக்கும் ஒரு பொந்து இருந்தால்!

பழைய பெருமையைக் காப்பாற்றி உட்கார்ந்திருந்த குடும்பம் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படியில்லை. இந்தப் பக்கத்தில் பேர்போன சிவப்பு ஒயின் கியாந்தி. அதில் வெள்ளைத் திராட்சையும் கலந்தே ஆக வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. இந்தக் குடும்பத்து பியரோ அந்தினோரி அதற்குக் கட்டுப்படவில்லை. 1971 அறுவடையில் செய்த திஞ்ஞானெல்லோ என்ற ஒயினை, கியாந்தி என்ற பெயரே வேண்டாம் என்று வெறும் 'மேஜை ஒயின்', அதாவது சாதாரண ஒயின், என விற்றார். 1975-ல் வெள்ளைத் திராட்சையை அறவே விட்டுவிட்டார். இன்று அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். நான் ஒரு மடக்குதான் குடித்தேன், அதுவும் மாப்பிள்ளை தயவில். வீட்டில் சொல்லிவிடாதே.

1980-களில் ஓர் ஆங்கிலேய நிறுவனத்துக்குப் பங்கு விற்றுவிட்டு, அப்புறம் அதைத் திரும்ப வாங்கவும் செய்திருக்கிறார்கள். ஆக, இவர்களுக்கும் கைமாறிப் போய்விடும் என்ற பயம் வந்துபோயிருக்கிறது.

போன வாரம் பார்ஜினோ என்ற ஊருக்குப் போனோம். 2012-ல் இவர்கள் திறந்த ஒயின் ஆலை அங்கே மலைக்குள் புதைந்து கிடக்கிறது. கூரைமேலேயே திராட்சை வரிசைகள். பந்தல் கிடையாது, இடுப்பளவு வேலிபோல் கம்பியில் கட்டியிருக்கிறார்கள். நீ பார்த்தால் சிரிப்பாய்.

பியரோவுக்கு மகன் இல்லை, மூன்று மகள்கள். தொழில் அவர்கள் கையில்தான், தலைவி மூத்தவள்.

'எனக்கப்புறம் தோட்டம் யாருக்கு' என்று கேட்டாயே, உன் சின்னவள் இன்னும் கணக்கு நோட்டு எழுதுகிறாளா?

அன்புடன்,
ராமு