சோதனைக் கட்டணம் வாங்கினீர்கள், சோதனை எங்கே?

சேலத்தில் ஆணழகன் போட்டி நடத்திய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். போட்டிக்கு நல்ல கூட்டம். லைட், மைக் எதிலும் குறையில்லை. பரிசுத் தொகையையும் சொன்னபடி கொடுத்தீர்கள். அதற்கெல்லாம் நன்றி. ஆனால் நன்றி சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அன்று ராத்திரி மண்டபத்து வாசலில் நான் கேட்டதும், "அப்புறம் பேசலாம் மாஸ்டர்" என்று நீங்கள் காரில் ஏறியதும் மறந்திருக்காது. இதுவரை யாரும் பேசவில்லை. சரி, நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதிவிடுவோம் என்று எழுதுகிறேன்.

விஷயம் ஒன்றுதான். ஃபிளெக்ஸில் "ஊக்கமருந்து சோதனை உண்டு" என்று கொட்டை எழுத்தில் போட்டீர்கள். நுழைவுக் கட்டணத்தோடு சோதனைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையும் வாங்கினீர்கள், ரசீது என்னிடம் இருக்கிறது. ஆனால் மேடை ஏறிய ஒருவரிடம்கூட சிறுநீர் சாம்பிள் எடுக்கவில்லை.

எங்கள் ஜிம்மிலிருந்து 60 கிலோ பிரிவில் ஒரு பையன் இறங்கினான். பெயர் வேண்டாம், அவன் பிழைப்பைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறான். ராத்திரி ஷிஃப்ட் முடிந்ததும் தறிச் சத்தம் காதிலிருந்து இறங்கும் முன்பே ஜிம்முக்கு வந்துவிடுவான். பக்கத்தில் நாமக்கல் இருப்பதால் முட்டை கொஞ்சம் மலிவு, அதுதான் அவனுடைய புரோட்டீன் பவுடர். வெள்ளைக்கரு அவனுக்கு, மஞ்சள்கரு வீட்டுக்கு. போட்டிக்குத் தயாரான காலம் முழுக்க அந்த வீட்டில் மஞ்சள்கருப் பொரியல்தான், தங்கச்சிக்கு முட்டை வாசனையே ஆகாமல் போய்விட்டது.

அன்றைக்கு அவன் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன். மேடையில் கட், அதாவது தசைக்கோடு, தெரிய வேண்டும் என்று முந்தின நாளே பையன்கள் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். நல்ல பழக்கம் இல்லை, அதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். உதடு வெடித்துப் போய் வந்தவனிடம் உங்கள் தொண்டர் ஒருவர், "சாம்பிள் எடுக்க ஆள் வருவாங்க, பாத்ரூம் போயிடாதே தம்பி" என்று சொல்லியிருக்கிறார். இவனும் போகவில்லை. மதியத்திலிருந்து உடம்பெல்லாம் டேன் என்கிற மேடைச் சாயம் பூசிக்கொண்டு, சாய்ந்தால் கலர் போய்விடும் என்று பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். வந்த பிறகு பொன்னாடை, அதற்கும் பிறகு பேச்சு, 'இளைஞர்கள் போதைப் பாதைக்குப் போகக் கூடாது' என்று. இவன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கை தட்டினான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த சிலர் எந்தக் கவலையும் இல்லாமல் எழுந்து பாத்ரூம் போய் வந்துகொண்டிருந்தார்கள். சாம்பிள் எடுக்க யாரும் வரப்போவதில்லை என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாம்பிள் பாட்டில் அட்டைப்பெட்டி ஒன்று வந்ததை நானே பார்த்தேன். மேடையின் ஓரத்தில், ஒட்டிய டேப் பிரியாமல் இருந்தது. பரிசளிப்பு நேரத்தில் மேசையில் இடம் போதாமல் கோப்பைகளை அதன் மேல் அடுக்கினார்கள்.

பையனுக்கு ஐந்தாம் இடம். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, நடுவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததற்குத்தான் மார்க் போட முடியும். ஆனால் இறங்கி வந்தவனின் தோளில் தட்டி உங்களில் ஒருவர் சொன்னாரே, "ஷேப் நல்லாருக்கு தம்பி, ஒரு கோர்ஸ் மட்டும் போட்டுட்டு வா, அடுத்த வருஷம் நீதான்" என்று. கோர்ஸ் என்றால் ஊக்கமருந்து. அவர் அதை ஆசீர்வாதம் மாதிரிதான் சொன்னார், கெட்ட எண்ணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சோதனைக் கட்டணம் வாங்கின ஆள் சொல்லுகிற பேச்சா அது?

மருந்து போடாத பையன் இந்த மேடையில் ஜெயிக்க முடியுமா என்று ஜிம்முக்கு வருகிற அப்பாமார்கள் என்னிடம் கேட்கிறார்கள். பொய் சொல்ல மனசு வரவில்லை. 1996-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு உங்களுக்கும் தெரிந்திருக்கும். பத்து வாரம் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை 3.2 கிலோ ஏறியது. ஊசி இல்லாமல் ஒழுங்காக வெயிட் தூக்கியவர்களுக்குச் சுமார் 2 கிலோ. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 6.1 கிலோ. அதாவது, சும்மா உட்கார்ந்திருந்தவன் உழைத்தவனைத் தாண்டிவிட்டான். ஊசியும் போட்டு உழைக்கிறவனோடு எங்கள் தறிக்காரப் பையனை ஒரே வரிசையில் நிறுத்தி "ஃப்ரன்ட் டபுள் பைசெப்ஸ்" என்று மைக்கில் கூப்பிடுகிறீர்கள்.

சோதனை இருந்தால் கதை வேறு. வங்காளத்து ஆணழகர் மனோகர் ஐச் 4 அடி 11 அங்குலம்தான். வெள்ளைக்காரன் சிறையில் இருந்த காலத்திலும் பயிற்சியை விடாதவர். 1952-ல் தன் உயரப் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் ஆனார், 104 வயது வரை இருந்து 2016-ல் போனார். டயனபால் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை சந்தைக்கு வந்ததே அவர் ஜெயித்த பிறகு, 1958-ல்தான். உயரமும் வசதியும் இல்லாத நம்ம ஊர்ப் பையன்களுக்கு அவர் படத்தைத்தான் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். இப்போது சிலர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அறுவைச் சிகிச்சையில் ரத்த அழுத்தம் இறங்கினால் ஏற்றுவதற்குப் போடுகிற மெஃபென்டர்மின் ஊசியை ஜிம் பையன்கள் போட்டுக்கொண்டு மாட்டுவது தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் வழக்கமாகிவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத சரக்கு அது. ஸ்டீராய்டு கல்லீரலையும் இதயத்தையும் என்ன செய்யும், விரைகளைச் சுருக்கி மார்பை எப்படி வளர்க்கும் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023-ல் 5,000 சாம்பிளுக்கு மேல் எடுத்த நாடுகளில், பிடிபட்ட விகிதத்தில் இந்தியாதான் முதலிடம், 5,606-ல் 213. நம் போட்டி அந்தக் கணக்கில் ஒன்றைக்கூடக் கூட்டவில்லை. பாட்டிலைத் திறக்காவிட்டால் எல்லோரும் சுத்தம்தானே! அந்த வகையில் நாட்டுக்கே பெருமை சேர்த்திருக்கிறீர்கள், வாழ்த்துகள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

செலவு ஆகும் என்பீர்கள். ஆகும்தான். சாம்பிள் டெல்லி ஆய்வகம் வரை போக வேண்டும், முடிவு அன்றைக்கே வராது. எல்லோருக்கும் எடுக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு எடைப் பிரிவிலும் முதல் மூன்று பேருக்கு மட்டும் எடுங்கள். கோப்பையை மேடையில் கொடுங்கள், பணத்தை முடிவு வந்த பிறகு கொடுங்கள். நாங்கள் கட்டிய சோதனைக் கட்டணத்தில் எத்தனை பேருக்கு எடுக்க முடியுமோ அத்தனை பேருக்காவது எடுங்கள். யாருக்கு எடுக்கிறது என்பதை மேடையிலேயே சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், முன்கூட்டியே யாருக்கும் தெரியாமல் இருக்கும்.

அதுவும் முடியாதென்றால் மருந்தில்லாதவர்களுக்குத் தனிப் பிரிவு வையுங்கள். வெளிநாட்டில் டபிள்யூ.என்.பி.எஃப். (உலக இயற்கை ஆணழகர் கூட்டமைப்பு) போன்ற அமைப்புகள் மருந்தில்லாதவர்களுக்கென்றே போட்டி நடத்துகின்றன. சிறுநீர்ச் சோதனை போக, பொய் கண்டறியும் கருவியிலும் உட்கார வைக்கிறார்கள், பத்து வருடமாக எதையும் தொடவில்லை என்று காட்டச் சொல்கிறார்கள். பத்து வருடம் கொஞ்சம் அதிகம் என்று நினைப்பவர்களும் உண்டு. நான் நினைக்கவில்லை. மருந்து ரத்தத்தை விட்டுப் போனாலும் அது போட்டுக் கொடுத்த சதை அத்தனை சீக்கிரம் போவதில்லை. சீசனுக்கு முன்னால் நிறுத்திவிட்டுச் சுத்தமாக வந்து நிற்பவனை ஒருநாள் பாட்டில் பிடிக்காது. அதனால் சோதனை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பையன் ஐந்தாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு வருவான். அவனுக்கு அது போதும், அடுத்த வருடமும் தறிச் சம்பளத்தில் முட்டை வாங்குவான்.

இரண்டுமே முடியாது என்றால் ஃபிளெக்ஸிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள், வாங்கிய சோதனைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். போட்டி எப்படிப்பட்டது என்று தெரிந்தே வருகிறவர்கள் வரட்டும், எங்களைப் போன்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறோம். சோதனை உண்டு என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டுச் சோதிக்காமல் இருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

தயவுசெய்து பொங்கலுக்குள் ஒரு கூட்டம் போடுங்கள். ஜிம் மாஸ்டர்கள் எல்லோரையும் கூப்பிடுங்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் என்றால் எல்லோராலும் வர முடியும். ரசீதுகளைச் சேர்த்து நான் கொண்டுவருகிறேன். நீங்கள் கணக்கு நோட்டையும், டேப் பிரிக்காத அந்தப் பெட்டியையும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டையில் ஜிம் நடத்தும் ஒரு மாஸ்டர்