பஞ்சுக்குச்சியை எங்க கையில குடுங்க

மாவட்ட சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன், வயது 43. போன மாசம் எங்கள் பக்கம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முகாம் நடந்தது. எங்கள் லைனில் 30 வயதைத் தாண்டியவர்கள் இருபது பேராவது இருப்போம். போனது நாலே பேர். "படுக்க வெச்சுப் பாப்பாங்களாமா, நமக்கெதுக்குங்க்கா?" என்று மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். போன எனக்கு மறைப்பு, ரெண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு போர்வை.

வினிகர் மாதிரி திரவம் தடவிப் பார்க்கும் அந்தச் சோதனையைக் குறை சொல்லவில்லை. பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் அதைச் செய்து பார்த்ததில், இந்த நோய்ச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று 2007-ல் தெரியவந்தது. ஆனால் பார்க்கிறவர் கண்ணை நம்பிய வேலை அது. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. என்கிற வைரஸையே தேடும் டிஎன்ஏ சோதனையைத்தான் முதலில் வைக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறது.

பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு நாலு சுற்றுச் சுற்றி, குப்பியில் போட்டு மூடினால் முடிந்தது. கர்ப்பப்பை வாய் வரை எட்ட வேண்டாம், அங்கிருந்து உதிரும் செல்கள் கீழே வந்துவிடும். நாங்களே எடுத்தால் தப்பாகிவிடும் என்று நினைக்காதீர்கள். லேப் டெக்னீஷியன் படிக்கும் என் மகள் சொல்கிறாள்: வைரஸின் டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில் பார்த்தால் டாக்டர் எடுத்ததற்கு ஏறக்குறைய சமமாம். வைரஸின் டிஎன்ஏவைப் பெருக்காமல் பார்க்கிற பழைய வகைச் சோதனைகளில்தான் அதிகம் விட்டுப்போகுமாம். டெண்டரில் விலையை மட்டும் பார்த்துவிடாதீங்க. நூல் எவ்வளவு நல்லதானாலும் சாயம் சொதப்பினால் பீஸ் ரிஜெக்ட்தானே.

யூரினிலும் பார்க்கலாமாம். ஆனால் முதலில் வருவதைப் பிடிக்க வேண்டும். வழக்கம்போல நடுவில் பிடித்தால் வைரஸ் முன்னாலேயே கழுவிப் போயிருக்கும். இதை யாராவது சொல்லித் தராமல் டப்பாவை மட்டும் நீட்டிப் பயனில்லை.

பாசிட்டிவ் வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, வைரஸ் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாகப் போய்விடும் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். எப்போது தொற்றியது என்று கண்டுபிடிக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உடலுறவில் தொற்றும் வைரஸ் என்பதால், வீட்டில் முதல் கேள்வியே "யார்கிட்ட இருந்து வந்துச்சு" என்பதாகத்தான் இருக்கும். ரிசல்ட்டை சூப்பர்வைசரிடம் தராமல் அவரவர் போனுக்கே சொல்லுங்கள்.

பாசிட்டிவ் வந்தவர்களை அதற்கப்புறம் கருவி வைத்துப் பார்க்காமல் முடியாது, தெரியும். அதை மட்டும் ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெண் டாக்டரை வைத்து நடத்துங்க. மற்ற நாளில் லீவு போட்டால் எங்களுக்குச் சம்பளம் கிடையாது.

இப்படிக்கு,
செக்கிங் டேபிளிலிருந்து ஒருத்தி