வீடு சந்திக்கப் போகும் தோழிக்கு

பெரம்பூர், சென்னை

அன்புத் தோழிக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம்; வெயில்தான் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. சபையாரை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வீடு சந்திப்புக் குழுவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று உன் கடிதத்தில் படித்ததும் மனசு நிறைந்தது.

மூன்று மாதமாகக் கோயிலுக்கு வராத அந்தக் குடும்பத்தைக் குழுவில், விசுவாசத்தில் ‘பின்வாங்கிப் போனவர்கள்’ என்கிறார்களாமே. அந்த வார்த்தையை நீயாவது சொல்லாதே. பைபிளில் பிள்ளையில்லாத அன்னாள் உதட்டை மட்டும் அசைத்து அழுது ஜெபித்தபோது, குடித்திருக்கிறாள் என்றுதான் ஆசாரியன் ஏலி நினைத்தார். ஆசாரியனுக்கே எதிரில் இருந்த துக்கம் தெரியவில்லை, நாம் எம்மாத்திரம்? கடன்காரருக்கு முகம் காட்ட முடியாமல் இருக்கலாம். மறதி நோயில் இருக்கும் மாமியாரைத் தனியே விட்டுவர வழியில்லாமல் இருக்கலாம். பிள்ளையில்லாதவளுக்கு குழந்தைகளின் ஞானஸ்நான ஆராதனையில் உட்காருவதே பாரம்.

முந்தின நாளே போன் செய்துவிட்டு, இரண்டு பேராகப் போ. ஆறு பேர் போய் நின்றால் நாற்காலி தேடவும் டீ போடவுமே அந்தப் பெண்ணுக்கு நேரம் சரியாகிவிடும். அரை மணி நேரம் போதும். ‘ஏன் வரலை?’ என்று ஆரம்பிக்காதே. ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்றால் யாரும் வாய் திறப்பதில்லை. ‘வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து அம்மாகூட இருக்கேன், நீங்க பேங்குக்குப் போயிட்டு வாங்க’ என்று நாளும் நேரமும் சொல்.

சாப்பாடு கொண்டுபோனால் திருப்பித் தர வேண்டாத டப்பாவில் கொடு. என்ன நோய் என்று கேட்டுக்கொண்டு சமை. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இளநீரும் ஆரஞ்சு ஜூஸும் ஆபத்து. பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பைக் கெடுக்கும். நாம் ஆசையாக வாங்கிப் போவதோ அந்த இரண்டையும்தான்!

‘விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?’ என்று கூட வருபவர் சொன்னால் அங்கேயே தடுத்துவிடு. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், தூக்கம் போகும், நோயும் திரும்பலாம். சூரைச்செடியின்கீழ் எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய்ச் சாவைக் கேட்டபோது, தேவதூதன் தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் அல்லவா வைத்தான்? தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

பேச்சில் அப்படி ஏதாவது தென்பட்டால், ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்க ஆள் கிடைத்ததே என்று பாரம் இறங்கும். ஆமாம் என்றால் தனியே விடாதே. மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் கைக்கெட்டாதபடி எடுத்து வை. வீட்டில் ஒருவரிடம் கட்டாயம் சொல். உயிர் விஷயத்தில் ரகசியம் காக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்நேரமும் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் 1986 முதல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இதே வேலையைச் செய்துவருகிறது.

மற்றபடி காதில் விழுந்தது எதையும் ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப்பில் போடாதே. ‘ஒரு சகோதரிக்காக’ என்று பேரை மறைத்தாலும் யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அந்த வீட்டுக் கதவு அதற்குப் பிறகு நமக்குத் திறக்காது. அவர்களிடமே கேட்டு, சரி என்றால் மட்டும் சொல்.

முதல் வாரம் எல்லாரும் வருவார்கள், ஆறாவது வாரம் வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த வாரத்தைக் காலண்டரில் இப்போதே குறித்து வை.

அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம். போய்விட்டு வந்து எழுது.

என்றும் உன்
தோழி