மெக்கென்சி ஆறு கடலில் சேரும் இடம்

இனுவிக், கனடா

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே நலம். அப்பா, அம்மா, நீ எல்லாரும் நலந்தானே? ஊர் எப்படி, வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். நுண்ணுயிரியல் படிக்கிறவள் நீ, அதனால் வேலையைப் பற்றியே கூடுதலாக எழுதுகிறேன். ஆற்றுநீர் கடலில் கலக்கும் இடத்தில் பாக்டீரியா எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை.

இனுவிக் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, மெக்கென்சி ஆற்றின் கழிமுகத்தில் இருக்கிறது. அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். வீட்டுச் சூடு அதில் இறங்கினால் மண் இளகி வீடு சாய்ந்துவிடும் என்பதால் வீடுகளைத் தூண்கள்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும்கூட மண்ணுக்கு மேலேதான். டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் சூரியன் உதிக்காது. கடலோரத்து டக்டோயாக்டக் வரை 2017-இல் சாலை திறந்தபிறகு கருவிகளை எந்தப் பருவத்திலும் வண்டியில் கொண்டுபோக முடிகிறது. இந்தக் கடலோரம் இனுவியாலுயிட் என்ற பழங்குடி மக்களின் நாடு. ஆய்வு உரிமம் இல்லாமல் மாதிரி எடுக்கக் கூடாது. பனி எங்கே மெலிந்திருக்கிறது என்பதையும் அவர்களிடம் கேட்டுத்தான் போக வேண்டும்.

உலகக் கடல்நீரில் ஆர்க்டிக் பெருங்கடலின் பங்கு சுமார் 1 சதவீதம்தான். ஆனால் உலக ஆறுகள் கொட்டும் நீரில் ஏறத்தாழ 10 சதவீதம் அதில் வந்து விழுகிறது. குளிர்காலத்தில் கரையோரப் பனி 2 மீட்டர்வரை தடிக்கும். அதன் வெளி விளிம்பில் பாளங்கள் மோதிக் குவிந்து, கடலடியைத் தொடும் அணையாக நிற்கும். ஆற்றுநீர் அதற்கு இப்பால், பனிக்கு அடியில் தேங்கி உப்புநீர்மேல் மிதக்கும். துளையிட்டு இறங்கினால் சில மீட்டருக்குள் உலகம் மாறிவிடுகிறது: மேலே நன்னீரில் வாழும் பாலிநியூக்ளியோபாக்டர் போன்ற பீட்டாபுரோட்டியோபாக்டீரியாவும் ஆக்டினோபாக்டீரியாவும், கீழே எஸ்ஏஆர்11, போலாரிபாக்டர் போன்ற கடல்வாசி பாக்டீரியா.

அதனால் கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு மாதிரி எடுப்பதில் பயனில்லை, உப்பைப் பார்த்தே எடுக்க வேண்டும். முதலில் உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் சிடிடி கருவியை இறக்கி, உப்பு எங்கே ஏறுகிறது என்று பார்ப்போம். −30 டிகிரிக் காற்றில் குளிர்ந்த கருவியை அப்படியே நன்னீரில் விட்டால் உணரிக்குள் பனி பிடித்து, உப்பைக் குறைத்துக் காட்டும். சூடான கூடாரத்தில் வைத்திருந்து, இறக்கியதும் மேல்நீரில் சில நிமிடம் நிறுத்தவேண்டும்.

வடிகட்டுவதில் இரண்டு கட்டம். 3 மைக்ரான் வடியில் வண்டல் துகளில் ஒட்டியவை தங்கும், அடுத்த 0.22 மைக்ரான் வடியில் தனியே நீந்துபவை. மே கடைசியில் பனி உடைந்து வெள்ளம் வரும்போது, சில நூறு மில்லிலிட்டரிலேயே வடி அடைத்துக்கொள்ளும். அப்போது பம்பின் அழுத்தத்தைக் கூட்டவே கூடாது. செல் உடைந்து டிஎன்ஏ வடியைக் கடந்து போய்விடும். வடியை மாற்றி, கடந்த நீரின் அளவைக் குறித்துக்கொள்வதுதான் சரி. சுத்த நீரை மட்டும் வடிகட்டிய வெற்று மாதிரி ஒன்றும் கட்டாயம். நாம் பயன்படுத்தும் வேதிப்பொருள்களிலேயே பாக்டீரியா டிஎன்ஏ இருக்கும், அதை இதில்தான் கண்டுபிடிக்க முடியும்.

நீ கவனிக்கவேண்டியது பிரைமர், அதாவது டிஎன்ஏவில் நகலெடுக்கவேண்டிய பகுதியைப் பிடித்துக்கொள்ளும் சிறு துண்டு. 806ஆர் என்ற பழைய பிரைமர் எஸ்ஏஆர்11-ஐக் குறைத்தே எண்ணும். அதைப் பயன்படுத்தினால் கடல்பக்கம் அதிகம் இருப்பதே காணாமல் போய், ஆற்றிலிருந்து கடலுக்கான மாற்றமே தவறாகத் தெரியும். திருத்திய பிரைமரையே கேட்டு வாங்கு.

கணக்குக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டு: ஆற்றில் மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல், கடலில் 4 லட்சம் என்று வை. பாதிக்குப்பாதி கலந்த நீரில் 7 லட்சம் இருக்கவேண்டும். கூடுதலாக இருந்தால் அங்கேயே பெருகுகின்றன. குறைந்தால் சாகின்றன, அல்லது இரையாகின்றன, அல்லது உப்புப் பட்டுத் திரண்ட களிமண்ணோடு அடியில் இறங்குகின்றன. எது என்று டிஎன்ஏ மட்டும் சொல்லாது. செத்த ஆற்று பாக்டீரியாவின் டிஎன்ஏவும் கடல்வரை மிதந்து வரும். ஆர்என்ஏவையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது உயிரோடு வேலை செய்கிறது என்று தெரியும். அது சீக்கிரம் சிதைவதால் வடியை அங்கேயே திரவ நைட்ரஜனில் போட்டுவிடுவோம். லூசின் என்ற அமினோ அமிலத்தை பாக்டீரியா எவ்வளவு வேகமாக எடுத்துக்கொள்கின்றன என்று பார்த்து வளர்ச்சியை அளக்கும் சோதனையை 0 டிகிரியை ஒட்டி, இருட்டில் செய்ய வேண்டும். அறைச் சூட்டில் வைத்தால் வரும் எண் அந்த நீருக்குரியது அல்ல.

உன் ஆய்வகத்தில் எந்த பிரைமர் பயன்படுத்துகிறார்கள் என்று பதில் எழுது.

அன்புடன்,
அண்ணன்