கேஸ் அடிப்பதற்கு முன் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரத் தாளில் நம் டர்பன் ஃபீனிக்ஸ் பகுதி வாசகர் ஒருவர் தம்முடைய பழைய ஆல்ஃபா ரோமியோ ஜிடிவி 6 காரின் ஏர்கானைப் பற்றி எழுதியிருந்தார். கடையில் கொடுத்து கேஸ் (குளிர வைக்கும் வாயு) அடித்தும் குளிரவில்லையாம், மறுபடி கொண்டுபோனதற்கு இன்னும் கொஞ்சம் கேஸ் அடித்தார்களாம், அப்புறம் நண்பர் ஒருவர் சொன்னபடி பிரஷர் சுவிட்சில் வந்து சேரும் இரண்டு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தாராம், உடனே நன்றாகக் குளிர ஆரம்பித்துவிட்டதாம். மற்றவர்களும் செய்து பார்க்கலாம் என்று முடித்திருந்தார். நீங்களும் அதற்குப் பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டுவிட்டீர்கள்.

வேண்டாம் ஐயா. அந்தச் சுவிட்ச் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. குழாயில் கேஸ் குறைந்து அழுத்தம் சுமார் 2 பார் அளவுக்குக் கீழே இறங்கினால், கேஸை அழுத்தும் கம்ப்ரசரைப் பெல்ட் புல்லியோடு பிணைக்கும் காந்தக் கிளட்சுக்குப் போகும் கரண்டை நிறுத்துவதுதான் அதன் வேலை. கம்ப்ரசருக்கு உள்ளே உராய்வைத் தடுக்கும் எண்ணெய் பெரும்பாலும் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லையென்றால் எண்ணெய் திரும்பி வராது, கம்ப்ரசர் காய்ந்து ஓடி ஒருநாள் இறுகிவிடும், தேய்ந்த உலோகத் தூள் குழாய் முழுக்கப் பரவும், பிறகு கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதுதான். சில கார்களில் அதே சுவிட்ச் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறினாலும் கரண்டை வெட்டும். இரண்டு தடவை கேஸ் அடித்த வண்டி என்கிறார், அதனால் இந்தப் பக்கத்தையும் யோசிக்க வேண்டும். கேஜ் மாட்டி இரண்டு பக்க அழுத்தத்தையும் பார்க்கும்வரை அந்தக் கிளிப் அங்கே இருக்கக் கூடாது.

ஆனால் அவருடைய கடிதத்தில் அவரே கவனிக்காத ஒரு பதில் இருக்கிறது. வயரை இணைத்ததும் நன்றாகக் குளிர்ந்தது என்றால், குளிர வைக்கும் அளவுக்குக் கேஸ் உள்ளே இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? கரண்டுதான் கிளட்ச் வரை போகவில்லை. சுவிட்ச் கெட்டிருக்கலாம், இல்லை அதன் பிளக்கில் பச்சைக் களிம்பு பூத்திருக்கலாம். கேஸ் அடித்த கடைக்காரர் கேஸ் பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஒரு டெஸ்ட் லேம்பை எடுத்திருந்தால் விஷயம் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். இதற்காகத்தான் எழுதுகிறேன். நம் ஊரில் கார் குளிரவில்லை என்றாலே எல்லாரும் முதலில் கேஸ் என்கிறார்கள். புது வண்டிக்கு அது சரியாக இருக்கலாம். நாற்பது வருடத்துக் காருக்கு முதலில் வயரைப் பார்க்க வேண்டும்.

நான் மெரிபேங்கில் ஆட்டோ எலக்ட்ரீசியனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆல்ஃபா மேல் நம் ஆட்களுக்கு உள்ள பைத்தியம் எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே தென்னாப்பிரிக்காவில் பிரிட்ஸ் ஊரில் ஆல்ஃபா கம்பெனியின் ஆலை இருந்தது, ஐரோப்பாவில் 3 லிட்டர் எஞ்சின் வருவதற்கு முன்பே இங்கே 3 லிட்டர் ஜிடிவி செய்தார்கள், 1985-இல் கடையை மூடிவிட்டுப் போனார்கள். அந்தக் கார் இன்றைக்கும் ஒருவரிடம் ஓடுகிறது என்றால் எனக்குச் சந்தோஷம்தான். அதற்காகவே பேப்பர் கிளிப் வேண்டாம் என்கிறேன்.

எங்கே ஆரம்பிப்பது? எஞ்சின் ஓடும்போது கம்ப்ரசரின் முன்பக்கத்தை எட்டி நின்று பாருங்கள், சட்டை நுனியும் தாலிச் சங்கிலியும் பெல்ட் பக்கம் போகாமல். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றும். அதன் நடுவில் உள்ள தட்டு ஏர்கான் போட்டால் மட்டும் சுற்ற வேண்டும். அது நின்றபடியே இருந்தால் கிளட்ச் பிடிக்கவில்லை. இப்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் திருப்பி, புளோயரையும் ஏர்கானையும் போடுங்கள். கம்ப்ரசருக்கு வரும் ஒற்றை வயரின் பிளக்கைக் கழற்றி அங்கே டெஸ்ட் லேம்பை வையுங்கள்.

டெஸ்ட் லேம்ப் என்றால் கடையில் விற்கும் சின்ன ஊசி லேம்பைச் சொல்லவில்லை. பிரேக் லைட்டுக்குப் போடும் 21 வாட் பல்பில் இரண்டு வயரைச் சால்டர் வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் கரண்டே இழுக்காது என்பதால் ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரிலும் 12 வோல்ட் என்று காட்டி ஏமாற்றும். இந்தப் பல்பு கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும், வயர் நைந்திருந்தால் மங்கலாக எரிந்து காட்டிக் கொடுத்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஜிடிவி 6-இல் போஷ் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதன் வயர்கள் பக்கம் இந்தப் பல்பைக் கொண்டுபோகவே கூடாது.

பல்பு பிரகாசமாக எரிந்தால் வயர் நல்லது, கிளட்சின் காந்தச் சுருளான காயிலையும், கரண்டு பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த்தையும் பார்க்க வேண்டும். காயிலை மீட்டரில் அளந்தால் 3 முதல் 4 ஓம் காட்ட வேண்டும். எர்த்துக்கு, கம்ப்ரசர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் கிளட்ச் போட்ட நிலையில் வோல்ட் அளந்தால் 0.2-க்கு மேல் காட்டக் கூடாது. பல்பு எரியவே இல்லை என்றால் வயர் வழியே பின்னோக்கிப் போக வேண்டியதுதான்: பிரஷர் சுவிட்ச், தெர்மோஸ்டாட், ரிலே (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) இருந்தால் ரிலே, ஏர்கான் சுவிட்ச், கடைசியில் ஃப்யூஸ். ஒவ்வொன்றிலும் உள்ளே வரும் பக்கம் எரிகிறதா, வெளியே போகும் பக்கம் எரிகிறதா என்று பாருங்கள். உள்ளே வந்து வெளியே போகாத இடத்தில் கோளாறு. பிரஷர் சுவிட்ச் வயரை இணைத்துப் பார்ப்பதும் இந்த வரிசையில் ஒரு நிமிடச் சோதனை மட்டும்தான், அதுவும் எஞ்சின் நின்றிருக்கும்போது ‘க்ளிக்’ சத்தம் வருகிறதா என்று கேட்பதற்காக.

தெர்மோஸ்டாட்டில் ஒரு மெல்லிய செம்புக் குழல், டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரின் தகடுகளுக்குள் போயிருக்கும், ஐஸ் கட்டாமல் இருக்க அதுதான் குளிரைப் பார்த்துக் கரண்டை நிறுத்தி விடும். ரேடியோ மாட்டியவர் அதை மடக்கி உடைத்திருந்தால் கிளட்ச் இனிமேல் பிடிக்காது. பழைய ஐரோப்பியக் கார்களில் வரும் கூர்முனை ஃப்யூஸ்களைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். கம்பி அறுந்திருக்காது, முனையில் வெள்ளையாகப் பூத்துப் பிடிப்பு விட்டிருக்கும். விரலால் திருப்பிப் பாருங்கள், சில சமயம் அதிலேயே ஏர்கான் உயிர் பெறும். அதோடு விட்டுவிடாமல் பிடிப்பு இதழ்களைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

டர்பனில் இதெல்லாம் சீக்கிரம் வருவதற்குக் காரணம் கடல்தான். உப்புக் காற்றில் செம்பு கருத்துப்போகும், ரப்பர் உறைக்கு உள்ளேயே கருத்துப்போகும், வெளியே பார்த்தால் புது வயர். ஆனால் உப்பைவிட மோசமானது தொண்ணூறுகளில் நாம் எல்லாரும் மாட்டிய அலாரமும் இம்மொபிலைசரும். இன்ஷூரன்ஸ்காரன் கேட்டான், அவசர அவசரமாக மாட்டினோம், மாட்டியவர் டாஷ்போர்டுக்குக் கீழே இக்னிஷன் வயரைக் கிள்ளிப் பிடிக்கும் நீலப் பிளாஸ்டிக் கிளிப்பைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கிளிப் வயரின் பாதி இழைகளை அறுத்துவிட்டு மிச்சத்தைக் கடித்துக்கொண்டிருக்கும். ஏர்கானும் இந்த நாட்டில் பல கார்களில் கார் வாங்கிய பிறகு தனியாக மாட்டியதுதான், அதுவும் அதே இக்னிஷன் வயரிலிருந்து திருடிய கரண்டில் ஓடும். புத்தகத்தில் உள்ள வயரிங் படத்தைத் தேடிப் பயனில்லை, டாஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்துக் கையால் தேட வேண்டும். படுத்த கையோடு எவாப்பரேட்டரின் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிப்ரவரி புழுக்கத்தில் அதிலிருந்து இறங்கும் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல, அடைத்தால் நேராக ரிலே மேல்தான் சொட்டும்.

இன்னொரு வகைக் கோளாறு இருக்கிறது, அதில்தான் ஆட்கள் அதிகம் பணத்தை விடுகிறார்கள். காலையில் குளிரும், என்2 (N2) நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனதும் நின்றுவிடும், மாலையில் கடைக்குப் போனால் மறுபடி குளிரும். கடைக்காரர் உடனே கேஸ் என்பார். சூடானால் காயிலின் ஓம் ஏறும், இழுக்கும் காந்த பலம் குறையும். கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் உள்ள இடைவெளி தேய்மானத்தால் அகன்றிருந்தால் அந்தக் குறைந்த பலம் போதாது. பல கம்ப்ரசர்களில் அந்த இடைவெளி 0.4 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், உள்ளே உள்ள ஷிம் என்ற மெல்லிய வளையம் ஒன்றை எடுத்தால் சரியாகிவிடும். இடைவெளி சரியாக இருந்தும் நின்றால் வோல்ட்டைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருந்து, கிளட்ச் பிளக்கில், பிளக் மாட்டியபடியே அளந்தால், 11 மட்டும் இருந்தால் மிச்சம் 3 வோல்ட்டை வழியில் உள்ள பழைய சுவிட்சுகளும் கிளிப்புகளும் தின்றுவிட்டன.

இதற்கு மருந்து ஒரு ரிலே. சாதாரண நாலு கால் ரிலே போதும். அதன் கால்களில் எண் போட்டிருக்கும்: 30-க்குப் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாகப் புது வயர், 87-இலிருந்து கிளட்சுக்கு, 85-ஐ நல்ல எர்த்தில், இதுவரை கிளட்சுக்குப் போய்க்கொண்டிருந்த பழைய வயரை 86-இல் மாட்டுங்கள். பழைய சுவிட்சுகள் இனி ரிலேயின் சின்னக் கரண்டை மட்டும் சுமக்கும், பிரஷர் சுவிட்சும் தெர்மோஸ்டாட்டும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கிளட்ச் காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். கிளட்ச் விடும்போது எகிறும் வோல்ட்டை அது விழுங்கும், ரிலேயின் முனைகள் கருகாது. புளோயருக்கும் தனி ரிலே நல்லது, அது இழுப்பது கிளட்சைவிட பல மடங்கு. புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது என்றால் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது, மோட்டாரை மாற்றச் சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

கேஸ் பிரச்சினையே வராது என்று சொல்லவில்லை. பழைய ரப்பர் குழாய்கள் கசியும். வருடாவருடம் கேஸ் அடிக்க வேண்டியிருந்தால் அது ஓட்டை, பராமரிப்பு அல்ல, ஓட்டையைத் தேடுங்கள். இந்தக் கார்கள் ஆர் 12 என்ற பழைய கேஸுக்குச் செய்யப்பட்டவை. அது இப்போது கிடைக்காது, ஆர் 134ஏ-க்கு மாற்றும்போது எண்ணெயையும் டிரையரையும் மாற்ற வேண்டும், மாற்றினீர்களா என்று கடையில் கேளுங்கள். சிலர் சமையல் கேஸ் வகையைச் சேர்ந்த கேஸை அடித்து நன்றாகக் குளிர்கிறது என்பார்கள். டாஷ்போர்டுக்குள் கசிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காவடித் திருவிழாவுக்குள் எல்லாரும் காரை வெளியே எடுப்பார்கள், அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் கையில் பேப்பர் கிளிப்பும் இருக்கும். அடுத்த இதழிலேயே ஒரு வரி திருத்தம் போடுங்கள் ஐயா, முடிந்தால் அதே அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆட்டோ எலக்ட்ரீசியன்,
மெரிபேங்க், டர்பன்