டயாலிசிஸை நிறுத்தலாமா என்று கேட்ட மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

"டயாலிசிஸ நிறுத்திட்டா தற்கொலைன்னு எழுதுவாய்ங்களா? இல்ல, வெளிநாட்டுல மாதிரி ஒரு ஊசியப் போட்டு அனுப்பிவிட இங்க வழி இருக்கா? கருப்புக் கோட்டு மாட்டிட்டுத் திரியிறியே, சொல்லு மருமகனே" என்று கேட்டீர்கள். அத்தை காதில் விழும் தூரத்தில் இருந்ததால் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். "எழுதி நெட்டுல போடு, எங்கூட ராம்நாட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றவய்ங்களும் படிக்கட்டும்" என்றும் சொன்னீர்கள். பெயரை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

சட்டம் சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். டயாலிசிஸை நிறுத்துவது தற்கொலை ஆகாது. புத்தி தெளிவாக இருக்கிற, வயதுக்கு வந்த எவரும் எந்தச் சிகிச்சையையும் வேண்டாம் என்று சொல்லலாம், அதனால் உயிரே போகும் என்றாலும். 2018 மார்ச் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள், காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். ஊசி கதை வேறு. நீங்களே கெஞ்சிக் கேட்டு ஒரு டாக்டர் போட்டாலும் அவர் குற்றவாளிதான். 18 வயது தாண்டியவர் சம்மதித்துச் செத்தால் அதைக் கொலைக்கு ஒரு படி கீழே வைக்கிற விதிவிலக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-ஆம் பிரிவில் இருக்கிறது. குற்றத்தின் பெயர் இறங்குமே தவிர வழக்கு போகாது. மருந்தை வாங்கி உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால்? அது தற்கொலைக்கு உடந்தை, அதே சட்டத்தின் 108-ஆம் பிரிவு, பத்து வருடம் வரை ஜெயில். ஆக, ஊசிக்கு இந்த நாட்டில் வழியில்லை.

அடுத்தது நீங்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுப்பார்களா என்பது. 1917-ஆம் வருடக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கப் பூசை மறுக்கப்பட்டிருந்தது. 1983-இல் வந்த புதிய சட்டத்தில் அந்த வரி இல்லை. அதுவும் தற்கொலைக்குத்தான், உங்கள் விஷயம் அந்தக் கணக்கிலேயே வராது. நோயாளிக்குப் பெரும் சுமையாகிவிட்ட சிகிச்சையை நிறுத்துவதைத் திருச்சபை மறுப்பதில்லை. வலிக்கு மருந்து கொடுக்கும்போது, சாகடிக்கிற எண்ணம் இல்லாமல், ஆயுள் கொஞ்சம் குறைய நேர்ந்தாலும் கொடுக்கலாம் என்று 1957-லேயே போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறார். பங்குச்சாமியிடம் தயங்காமல் கேளுங்கள்.

இப்போது எனக்கு உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். கோபப்படாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் மச்சான் வீட்டில் இருந்தார், பைக்கில் உங்களைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். அப்போது உங்கள் வாயிலிருந்து "போதும்" என்ற சொல் வரவே இல்லை. ஊசி குத்திக் குத்தி வீங்கிய இடது கையில் பேரனின் விரலை எடுத்து வைத்து, உள்ளே ரத்தம் இரையும் அதிர்வைக் காட்டி, "தாத்தா கைக்குள்ள இன்ஜின் ஓடுது பாரு" என்று விளையாட்டுக் காட்டினீர்கள். கருவாட்டுக் குழம்பு கேட்டு அத்தையிடம் சண்டை போட்டீர்கள். தடை முடிந்து படகு இறங்கிய பிறகுதான் பேச்சு மாறியது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், மீதி நாள் நாட்டுப்படகுக்கு. உங்களுக்கும் டயாலிசிஸ் வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம். இரண்டு கணக்கும் மோதுகிறது. மச்சான் கடலுக்குப் போகாத நாளில் பங்கு கிடையாது. ஆஸ்பத்திரியில் உங்களிடம் காசு வாங்குவதில்லை, ஆனால் கூட வருகிற ஆளின் ஒரு நாளை எந்தக் காப்பீடும் கொடுப்பதில்லை.

அதனால் கேட்கிறேன்: போதும் என்று சொல்வது உங்கள் உடம்பா, மச்சானின் பங்குக் கணக்கா?

நம்ம ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில், சாகும் நிலையில் உள்ளவர்களுக்கு டாக்டர் மருந்து எழுதிக்கொடுக்கும் சட்டம் 1997-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அங்கே வருடா வருடம் காரணங்களைக் கேட்டு வெளியிடுகிறார்கள். வலி முதலிடத்தில் இல்லை. தன் விருப்பப்படி இருக்க முடியவில்லை, பிடித்ததைச் செய்ய முடியவில்லை, மரியாதை போகிறது என்பவைதான் மேலே நிற்கின்றன. வீட்டாருக்குச் சுமையாகிவிட்டோம் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. அவ்வளவு வசதியுள்ள ஊரிலேயே அப்படி என்றால், நமக்குப் பக்கத்து விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒன்று இருந்ததே, அதை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம் என்ற பெயரில் படுத்த படுக்கையான கிழவன் கிழவிகளைச் சாவுக்கு அனுப்பிவைத்த வழக்கம். அவர்களில் பலரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்ட சிலரும் "சரித்தா" என்றுதான் சொல்லியிருப்பார்கள். வேறு என்ன சொல்ல முடியும்? ஊசிக்கு இங்கே சட்டம் வருவதை நான் பயத்தோடு பார்ப்பதற்கு அந்தச் "சரித்தா" போதும்.

நீங்கள் திருப்பிக் கேட்பது காதில் விழுகிறது. "அப்ப மெஷின நிறுத்துறதும் அதே காரணத்துக்குத்தானடா, அது மட்டும் எப்படிச் சரி?" நியாயமான கேள்வி. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் கோர்ட்டில் கிழிக்கிற கோடு, பேசும்போது இருக்கிற அளவுக்குத் தடிமனானது இல்லை. கழுத்துக்குக் கீழே எல்லாம் செயலிழந்து, நிறுத்துவதற்கு ஒரு மெஷின்கூட இல்லாமல் கிடக்கிறவருக்கு அந்தக் கோட்டால் என்ன பிரயோசனம்? அவர் ஊசி கேட்டால் அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் கிடையாது. உங்களுக்கு உண்டு. நிறுத்துவது உங்கள் உரிமை, நான் கூட நிற்பேன். அதற்கு முன்னால் போக்குவரத்துப் பிரச்சனையைத் தீர்க்க விடுங்கள். தங்கச்சிமடத்திலிருந்து வருகிற இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு ஆட்டோவை மாதக் கணக்கில் பேசலாம், நான் விசாரிக்கிறேன். டயாலிசிஸ் நாளையும் நேரத்தையும் மாற்றிக் கேட்கலாம். அரிப்பும் காலில் நரம்பு இழுப்பதும் பற்றி டாக்டரிடம் நீங்கள் சொல்வதே இல்லை என்று அத்தை சொல்கிறார். அதற்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது. இதெல்லாம் சரியான பிறகும் போதும் என்று சொன்னீர்களானால், அது உங்கள் சொல். மறுபேச்சு பேசமாட்டேன்.

அப்போதும் "நிறுத்தியாச்சு" என்று வீட்டில் சும்மா படுத்துக்கொள்ள விடமாட்டேன். நிறுத்திய பிறகு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள், சிலருக்குக் கூடலாம். மூச்சு வாங்கும், குமட்டும், போகப் போகத் தூக்கம் அமுக்கும். அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் வேண்டும். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை கொடுக்கிறார்கள், நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். சிறுநீரகம் போனவர்களுக்கு, கடும் வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் டாக்டர் பார்த்து வேறு மருந்துகூடக் கொடுக்கலாம். 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து வலி மருந்தையே கண்ணில் காட்டாமல் இருந்த ஆஸ்பத்திரிகள் எத்தனையோ. 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், பயம் இன்னும் முழுசாகத் திருந்தவில்லை. கோழிக்கோட்டில் 1993-லேயே இந்தச் சிகிச்சைக்கு இடம் தொடங்கி, பிறகு ஊர்க்காரர்களே வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற அளவுக்கு வளர்த்துவிட்டார்கள். நம் பக்கம் இறப்பதற்கு உரிமை கேட்டுப் பேசுவதில் பாதியையாவது இதைக் கேட்டுப் பேசலாம் என்பது என் எண்ணம்.

என்னென்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிற பத்திரம் ஒன்று எழுதச் சொன்னீர்களே, அதை எழுதலாம். ஆனால் அது நீங்கள் பேச முடியாமல் போன பிறகுதான் பேசும். வெண்டிலேட்டர் போடாதே, நெஞ்சை அமுக்காதே என்பது போன்றவற்றுக்கு. டயாலிசிஸுக்கு இப்போது உங்கள் வாய்ச்சொல்லே போதும். பத்திரத்துக்கு முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்து கேட்டார்கள், அது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. 2023 ஜனவரி முதல் இரண்டு சாட்சியும் நோட்டரியோ கெசட்டட் ஆபீசரோ போதும். பத்திரம் இருந்தாலும், மெஷினை எடுக்கலாமா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர்களின் இரண்டு குழுக்கள் அடுத்தடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். நோட்டரி என் பக்கத்து மேஜைக்காரர், காசு கேட்கமாட்டார், டீ கேட்பார்.

உங்களுக்காக முடிவு சொல்லப்போகிறவர்கள் என்று ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் எழுதலாம். மச்சான் பெயரை மட்டும் எழுதி அவர் தலையில் கட்டாதீர்கள். அத்தை பெயரும் இருக்கட்டும். அதற்கு முதலில் அத்தையிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும், அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் போன் பண்ணுங்கள், வருகிறேன்.

உங்கள் மருமகன்